ஸ்கூபா ஜாக்கெட் உங்கள் அளவுதானா?

அந்தமான் டூர் போகிறவர்கள் இப்போதெல்லாம் ஸ்கூபா டைவிங்கையும் ஒரு கை பார்த்துவிட்டுத்தான் திரும்புகிறார்கள். நீங்களும் பெயர் கொடுத்துவிட்டீர்களா? சிலிண்டரைத் தாங்கும் 'பி.சி.டி.' ஜாக்கெட்டை நீட்டியதும் அப்படியே மாட்டிக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள்.

காற்று ஏற்றினால் மிதக்க வைக்கும், இறக்கினால் ஆழத்துக்கு விடும்... அதுதான் இதன் வேலை. ஆண்கள் அளவில் தைத்தது பல பெண்களுக்கு முதுகில் நீளம், தோளில் அகலம். 'லூஸா இருந்தா சௌகரியம்தானே' என்று தோன்றும். மேலே வந்து காற்றை ஏற்றினால்தான் வினை தெரியும். ஜாக்கெட் மட்டும் காதுவரை ஏறிக்கொள்ள, நீங்கள் அதற்குள் தொங்குவீர்கள். அலை முகத்தில் அடிக்கும். சின்ன சைஸோ விலாவை இறுக்கும். மூச்சு முட்டி, பயமும் பிடித்துக்கொள்ளும்.

அதனால் கரையிலேயே பார்த்துவிடுங்கள். வெட் சூட்டுக்கு மேல் போட்டு, பட்டைகளை மாட்டி, முழுசாகக் காற்று ஏற்றச் சொல்லுங்கள். நன்றாக மூச்சு இழுக்க முடிகிறதா? பிறகு கூட வந்தவரை விட்டுத் தோள்பட்டையை மேலே தூக்கிப் பாருங்கள். காதைத் தொட்டால் அடுத்த சின்ன சைஸ் கேளுங்கள். எடை பெல்ட் கட்டியிருந்தால் ஜாக்கெட் அதை மூடக்கூடாது, அவசரத்துக்குக் கழற்றணுமே!

மார்புப் பட்டை அழுத்துகிறதா? சில மாடல்களில் மேலே, கீழே நகர்த்தலாம். பெண்களுக்கென்றே தைத்ததில் முதுகு நீளம் குறைவு. தோள்பட்டையும் மார்பை ஒதுக்கி வளைந்து போகும். இருக்கிறதா என்று கூச்சப்படாமல் கேளுங்கள். ஒல்லியாக, உயரமாக இருப்பவர்களுக்கு ஆண்கள் சைஸே பொருந்துவதும் உண்டு.

ஒன்று, இது லைஃப் ஜாக்கெட் இல்லை. மயங்கியவர் முகத்தைத் தண்ணீருக்கு மேலே திருப்பி வைக்கும் என்று நம்பிவிடாதீர்கள்.