கார் கட்டிய பள்ளிப் பிள்ளைகள்

அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் மேற்குப் பகுதி, வசதி குறைந்த குடும்பங்கள் மிகுதியாக வாழும் இடம். அங்குள்ள அரசு உயர்நிலைப் பள்ளியில், படிப்பைப் பாதியில் விட்டுத் தெருவுக்குப் போகும் பிள்ளைகள் பலர். கண்டிப்பு, அறிவுரை, தண்டனை எதுவும் இப்படிப்பட்ட பிள்ளைகளிடம் எளிதில் எடுபடுவதில்லை.

இப்பள்ளியின் வாகனத் தொழில் பிரிவில் கணிதமும் அறிவியலும் கற்பித்தவர் சைமன் ஹாகர். 1998-ல் இவர் பள்ளி விட்ட பிறகு மாணவர்களைப் பட்டறையில் கூட்டி, மின்சார வண்டி கட்டும் வேலையைத் தொடங்கினார். சிறிய வண்டியில் ஆரம்பித்து, நாளடைவில் முழுக் காருக்கே வந்துவிட்டார்கள். டீசல் என்ஜினும் மின் மோட்டாரும் சேர்ந்து இயங்கும் பந்தயக் கார் ஒன்றைக் கட்டி, சோயா எண்ணெயிலிருந்து தயாரித்த எரிபொருளில் ஓட்டினார்கள். 'டூர் டி சோல்' என்ற பசுமை வாகனப் போட்டியில் 2006-ல் வெற்றியும் பெற்றார்கள்.

பிறகு வந்தது பெரிய சோதனை. ஒரு கேலன் எரிபொருளுக்கு ஈடான சக்தியில் 100 மைல் ஓடும் காருக்கு மொத்தம் 1 கோடி டாலர் பரிசு என்று 'எக்ஸ் பிரைஸ்' போட்டி அறிவிக்கப்பட்டது. பெரிய பொறியாளர்களும் நிறுவனங்களும் மோதிய அந்தக் களத்தில் இந்தப் பள்ளிக் குழுவும் இரண்டு கார்களுடன் இறங்கியது. 2010-ல் இறுதிச் சுற்றுக்கு முன்பே வெளியேறிவிட்டது. பரிசு கிட்டவில்லை. ஆனால் அதே ஆண்டு வெள்ளை மாளிகை நிகழ்ச்சி ஒன்றில் அதிபர் ஒபாமா இவர்களைப் பாராட்டிப் பேசினார்.

பட்டறை செய்த வேலை என்ன?

பாடப் புத்தகத்தில் வோல்ட், ஆம்பியர் என்றால் தூக்கம் வரும். கையில் பேட்டரி இருந்தால் அது உயிர்ப் பிரச்சினை. இணைப்பைத் துண்டிக்காமல் கைவைத்தால் ஆபத்து என்பதை யாரும் இரண்டு முறை சொல்ல வேண்டியதில்லை. பேட்டரியைக் கூட்டினால் ஓடும் தூரம் கூடும். எடையும் விலையும் கூடவே ஏறும். எதை விட்டு எதைப் பிடிப்பது என்று பார்க்கும்போது கணக்கு தானாக வருகிறது. எந்தப் பாகம் எங்கே கிடைக்கும், என்ன விலை, எப்போது வந்து சேரும் என்று விசாரிக்கும்போது பேச்சும் பழக்கமும் வருகின்றன.

எல்லாவற்றுக்கும் மேலாக, அருகில் நிற்கும் பெரியவர் கருவியைப் பிடுங்கித் தானே செய்துவிடாமல் பொறுத்திருக்க வேண்டும். தவறாகப் பொருத்தியதை அவனே கழற்றி மாட்டும்போதுதான் 'என்னால் முடியும்' என்ற எண்ணம் அந்தப் பிள்ளைக்கு வருகிறது.

இந்த அனுபவம் ஒரு குழுவோடு நிற்கவில்லை. 2011-ல் சிறு சோதனைப் பள்ளியாகத் தொடங்கி, 2013-ல் 'வொர்க்ஷாப் ஸ்கூல்' என்ற பெயரில், செய்முறை வேலையையே பாடமாகக் கொண்ட அரசுப் பள்ளியாக அது வளர்ந்தது.

வணிகப் பெருமக்களுக்கு இது புதிய செய்தி அல்ல. சரக்கைப் பிரிப்பதும், எடை போடுவதும், பேரேடு எழுதுவதும் நம்மில் பலர் ஒரு மூத்தவரின் பக்கத்தில் நின்று கற்றவைதான். பிள்ளையின் பள்ளியை நிறுத்தாமல், விடுமுறையில் வாரம் ஓரிரு மணி நேரம் பொறுமையாகச் சொல்லிக்கொடுக்க நம் தெருவிலும் ஆள் வேண்டும். முதல் போட வேண்டியது நேரம் மட்டுமே.