ஈரம் காயாத படிகம்

போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டு வழியாக மலையேறினால் ஏலத்தோட்டங்கள் பரந்து கிடப்பதைக் காணலாம். பறித்த பச்சைக் காயை அங்கேயே சூடான அறைகளில் உலர்த்துகிறார்கள். ஏறத்தாழ ஐந்து கிலோ பச்சைக் காய் ஒரு கிலோவாகச் சுண்டிவிடும். நீர் போனபின்தான் அது கெடாமல் போடிக்கு வந்து விலை போகிறது. ஆனால், நீர் போனால் பாழாகும் சரக்கும் ஒன்று உண்டு. அதுதான் புரதப் படிகம்!

படிகம் எதற்கு?

ஒரு புரத மூலக்கூறில் ஆயிரக்கணக்கான அணுக்கள் உள்ளன. அவற்றின் அமைப்பை அறிந்தால் அப்புரதம் வேலை செய்யும் விதம் விளங்கும். மருந்து தேடவும் வழி பிறக்கும். தனி மூலக்கூறு சிதறடிக்கும் எக்ஸ் கதிர் மிகச் சொற்பம். கோடிக்கணக்கான மூலக்கூறுகள் ஒழுங்காக அடுக்கப்பட்ட படிகத்தில் கதிர் பட்டால், சிதறிய அலைகள் ஒன்றையொன்று வலுப்படுத்திப் புள்ளிக்கோலம்போல் பதியும். அதிலிருந்து அணுக்களின் இடங்களைக் கணக்கிடுகிறார்கள்.

புரதப் படிகம் கற்கண்டு போலக் கெட்டியானதன்று. அதில் ஏறக்குறைய பாதி நீரே. உலர்ந்தால் அடுக்கு குலைந்துவிடும்.

குழலில் அடைத்த படிகம்

1934-இல் ஸ்வீடனில் வளர்க்கப்பட்ட பெப்சின் படிகங்கள் கேம்பிரிட்ஜில் இருந்த பெர்னால் என்ற விஞ்ஞானிக்குக் கிடைத்தன. பெப்சின், இரைப்பையில் சுரக்கும் செரிமான நொதி. வெளியே எடுத்த படிகத்தில் கதிரைச் செலுத்தியபோது தெளிவான புள்ளிகள் விழவில்லை. படிகம் காற்றில் உலர்ந்து கெடுவதே காரணம் என்று பெர்னால் கண்டார். உடனே, அது வளர்ந்த திரவத்தோடு சேர்த்து மெல்லிய கண்ணாடிக் குழலில் அடைத்தார். புள்ளிகள் பளிச்சென்று பதிந்தன! அவரும் டோரதி குரோஃபுட்டும் அவ்வாண்டே முடிவுகளை வெளியிட்டனர்.

குளிரில் ஒரு பயணம்

கதிர்கள் வலிமை பெறப் பெற, அவையே படிகத்தைச் சிதைத்தன. ஆகவே அதைப் பூஜ்யத்துக்குக் கீழே சுமார் 173 டிகிரிக்குக் குளிர்வித்தார்கள். நீர் பனிக்கட்டியானால் படிகம் குலையுமே! அதற்காகக் கிளிசரின் போன்ற பொருளைச் சேர்த்தால் நீர் கண்ணாடிபோல் உறையும். முடிபோன்ற நைலான் கண்ணியில் படிகத்தை ஏந்தி, திரவ நைட்ரஜனில் அமிழ்த்துகிறார்கள். கால்நடை மருந்தகங்களில் சினை ஊசி மருந்தை வைத்திருக்கும் குளிர்க்கலனைப் பார்த்திருப்பீர்கள். அதே வகைக் கலனில்தான் படிகங்களும் பயணம் செய்கின்றன.

ரைபோசோம் படிகங்களைக் குளிர்விக்கும் முறையை வளர்த்தவர்களில் முன்னோடி அடா யோனாத். அவரும், சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணனும், தாமஸ் ஸ்டைட்சும் ரைபோசோம் ஆய்வுக்காக 2009-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

பீய்ச்சும் திரவம்

2009-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் ஒரு எக்ஸ் கதிர் லேசர் இயங்கத் தொடங்கியது. அதன் துடிப்பு பட்ட படிகம் அழிந்துவிடும். எனினும் வினாடியைக் கோடிப் பங்காக்கி, அதில் ஒன்றை மீண்டும் கோடிப் பங்காக்கினால் வருபவற்றில் சிலவே அத்துடிப்பின் காலம். படிகம் சிதறுமுன் படம் பதிந்துவிடுகிறது! நுண்படிகங்களை ஈரத்தோடே மெல்லிய திரவத் தாரையாகப் பீய்ச்சி, ஒவ்வொன்றாகக் கதிருக்கு முன் அனுப்பினார்கள். 2011-இல் முடிவு வெளியாயிற்று.

இதிலும் ஒரு சங்கடம் உண்டு. இரு துடிப்புகளுக்கு இடையே ஓடிவிடும் படிகங்கள் வீண். பல மாத உழைப்பில் சேர்த்த புரதம் சாக்கடைக்குப் போகலாமா? எனவே, கொழுப்புப் பசையில் கலந்து மெதுவாகப் பிதுக்குகிறார்கள். நகரும் நாடாவில் துளித்துளியாகவும் வைக்கிறார்கள்.

நம் நாட்டில் இந்தூரின் இந்தஸ்-2 சின்க்ரோட்ரானில் புரதப் படிகங்களுக்கென்றே ஒரு கதிர்த்தடம் உள்ளது. மாணவர்களே, ஈரமும் கெடாமல், சரக்கும் வீணாகாமல் படிகத்தைக் கதிரிடம் சேர்க்கப் புதிய வழி தோன்றுகிறதா? சிந்தித்துப் பாருங்கள்.