கெர்னல் கூறுகளைத் தொகுக்கையில் தோன்றும் பிழைச்செய்திகள்: பொருள்கோளும் மொழிபெயர்ப்பும்

1. முன்னுரை

கணிப்பொறி தரும் பிழைச்செய்தி ஒரு தனிவகை உரைக்கூறு. அது சுருக்கமானது, எழுவாயும் பயனிலையும் பெரும்பாலும் தொக்கு நிற்பவை, தோன்றும் இடத்தைப் பொறுத்தே பொருள் தருவது. இத்தகைய செய்தியை மொழிபெயர்ப்பவர் சொற்பொருளை மட்டும் அறிந்திருப்பது போதாது. எந்த நிரல், எந்தக் கட்டத்தில், யாரை நோக்கி அதனைக் கூறுகின்றது என்பதையும் அவர் அறிதல் வேண்டும். லினக்ஸ் இயக்க அமைப்பில் கெர்னல் கூறுகளைத் தொகுக்கும்போது எழும் பிழைகளைச் சான்றாகக் கொண்டு இக்கருத்தை விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. கெர்னலும் கூறும்

ஃபின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கி நகரில் மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் வெளியிட்டது லினக்ஸ் கெர்னல். கெர்னல் என்பது இயக்க அமைப்பின் உட்கரு; வன்பொருளுக்கும் பிற நிரல்களுக்கும் இடையே நிற்பது. அதன் முழுமையையும் மீண்டும் உருவாக்காமல், இயங்கிக்கொண்டிருக்கும்போதே அதனுடன் சேர்க்கவும் நீக்கவும் கூடிய பகுதியே மாடியூல் எனப்படும் கூறு. புதிய வலையட்டை, ஒலியட்டை முதலியவற்றை இயக்கும் நிரல்கள் பெரும்பாலும் கூறுகளாகவே அமைகின்றன.

கெர்னலுக்கு வெளியே எழுதப்பட்ட ஒரு கூறு பயன்பாட்டுக்கு வருவதற்கு நான்கு படிகளைக் கடக்கின்றது. அவை முறையே ஆயத்தம், தொகுத்தல், இணைப்புச் சரிபார்ப்பு, ஏற்றம் என்பன. ஒவ்வொரு படியிலும் பேசும் நிரல் வேறு. அதன் சொல்வழக்கும் வேறு. பிழை எந்தப் படியில் எழுந்தது என்று துணிவதே பிழைநீக்கத்தின் முதற்பணியாகும்.

3. ஆயத்தநிலைப் பிழைகள்

கூறினைத் தொகுக்கக் கெர்னலின் தலைப்புக் கோப்புகள் தேவை. இயங்கும் கெர்னலின் பதிப்பெண்ணைப் பெயராகக் கொண்ட அடைவினுள் 'பில்ட்' என்னும் சுட்டி ஒன்று இருக்கும். அது தலைப்புக் கோப்புகள் உள்ள இடத்தைக் காட்டும். அக்கோப்புகள் நிறுவப்படவில்லையெனில் 'நோ சச் ஃபைல் ஆர் டைரக்டரி', அதாவது 'அத்தகைய கோப்போ அடைவோ இல்லை' என்ற செய்தியுடன் பணி நின்றுவிடும். டெபியன், உபுண்டு ஆகியவற்றில் 'லினக்ஸ்-ஹெடர்ஸ்' என்ற பெயரிலும், ஃபெடோராவில் 'கெர்னல்-டெவெல்' என்ற பெயரிலும் அவை கிடைக்கின்றன. இயங்கும் கெர்னலின் பதிப்பெண்ணும் தலைப்புக் கோப்புகளின் பதிப்பெண்ணும் எழுத்துக்கு எழுத்து ஒத்திருத்தல் வேண்டும். கெர்னலைப் புதுப்பித்தபின் கணிப்பொறியை மீளத் தொடங்காதவரிடம் பழைய கெர்னலே இயங்கிக்கொண்டிருக்கும். தலைப்புக் கோப்புகளோ புதியனவாக இருக்கும். பிழைக்கு இஃதும் ஒரு பொதுவான காரணம்.

'மேக்' என்னும் கருவி பெல் ஆய்வகத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் 1976-இல் உருவாக்கியது. அதன் ஆணைக்கோப்பில் கட்டளை வரி ஒவ்வொன்றும் தத்தற்குறியுடன் தொடங்க வேண்டும். அதற்கு மாறாக வெற்றிடக் குறிகள் இருப்பின், 'பிரிப்பான் இல்லை' எனப் பொருள்படும் செய்தி எழும். இரண்டும் கண்ணுக்கு ஒன்றுபோலவே தோன்றுவதால் பயனர் மயங்குவர். சொற்செயலியில் எழுதிய கையேட்டிலிருந்து நிரலைப் படியெடுப்பவர்க்கு இன்னுமோர் இடர் உண்டு. சொற்செயலி நேர் மேற்கோட் குறியை வளைந்த குறியாக மாற்றிவிடுகின்றது. தொகுப்பி அதனை நிரலில் வழிதவறி வந்த குறியாகக் கருதி, 342 என்னும் எண்ணைச் சுட்டிப் பிழை காட்டும். யூனிகோடு எட்டுத்துண்மிக் குறிமுறையில் வளைந்த குறியின் முதல் எண்துண்மி எண்மானத்தில் 342 ஆவதே இதன் காரணம். கையேடுகளை மொழிபெயர்ப்போர் நிரற்பகுதிகளில் இம்மாற்றம் நேராதவாறு காத்தல் கடமையாகும்.

4. தொகுப்புநிலைப் பிழைகள்

கெர்னலின் உள்ளிடைமுகம் நிலையானதன்று. பயனர் நிரல்கள் நோக்கும் வெளியிடைமுகம் பேணப்படுகின்றது. கூறுகள் பயன்படுத்தும் உட்செயற்கூறுகளோ தேவைக்கேற்ப மாற்றப்படுகின்றன. எனவே நேற்றுவரை பிழையின்றித் தொகுக்கப்பட்ட கூறு, எழுத்தொன்றும் மாறாதிருந்தும், புதிய கெர்னலில் தொகுக்கப்படாமற் போகலாம். சில சான்றுகள் வருமாறு:

(அ) 2018-இல் வெளியான 4.15 பதிப்பில் நேரங்காட்டியைத் தொடங்கும் பழைய செயற்கூறுகள் நீக்கப்பட்டன. அவற்றை அழைக்கும் கூறுகளில் 'உட்கிடையான அறிவிப்பு' என்ற பிழை தோன்றும். பெயரில் எழுத்துப்பிழை இருப்பின் எழும் செய்தியும் இதுவே.

(ஆ) 2019-இன் 5.0 பதிப்பில், பயனர் நினைவிடத்தைச் சரிபார்க்கும் அழைப்பின் உள்ளீடுகள் மூன்றிலிருந்து இரண்டாயின. பழைய கூறுகளில் உள்ளீடு மிகுதி எனப் பிழை காட்டப்படும்.

(இ) 2020-இன் 5.6 பதிப்பில் 'பிராக்' கோப்புகளை உருவாக்கும் செயற்கூறு தன் உள்ளீடுகளுள் ஒன்றை வேறு வகையினதாக எதிர்பார்க்கலாயிற்று. பழைய கூறுகளில் சுட்டு வகை பொருந்தவில்லை என்ற செய்தி எழும்.

(ஈ) 2023-இன் 6.4 பதிப்பில் சாதன வகுப்பை உருவாக்கும் செயற்கூறு ஓர் உள்ளீட்டை இழந்தது.

இவற்றில் கூறெழுதியவர் தவறு இழைக்கவில்லை. 'பிழை' என்னும் சொல் குற்றமுடைமையைக் குறிப்பதாகப் பயனர் கொள்வது பொருந்தாது; கெர்னலின் பதிப்பும் கூறின் காலமும் ஒவ்வாமையையே அது குறிக்கின்றது. தீர்வு, அக்கூறின் புதிய பதிப்பைப் பெறுதல். அல்லது பதிப்பெண்ணை ஒப்பிட்டு இருவகை அழைப்புகளுக்கும் இடந்தருமாறு நிரலைத் திருத்துதல்.

செய்திகளைப் படிக்கும் வரிசையும் கருதத்தக்கது. ஒரு தலைப்புக் கோப்பு கிடைக்காதபோது அதனைச் சார்ந்த பெயர்கள் யாவும் பிழையாகக் காட்டப்படும். ஐம்பது பிழைகளுள் முதலாவதே காரணம்; எஞ்சியவை விளைவுகள். பயனரோ திரையின் அடியில் நிற்கும் இறுதி வரியையே முதலில் காண்கின்றார். 'மேக்' காட்டும் 'எரர் 2' என்னும் அவ்விறுதி வரி, உட்பணி ஒன்று தோற்றது என்பதற்கு மேல் எதையும் கூறுவதில்லை.

5. இணைப்புநிலையும் ஏற்றநிலையும்

தொகுத்தல் முடிந்தபின், கூறு அழைக்கும் பெயர் ஒவ்வொன்றையும் கெர்னலோ பிற கூறுகளோ வெளிவழங்குகின்றனவா என்று 'மாட்போஸ்ட்' என்னும் கருவி சரிபார்க்கும். வழங்காத பெயரை அது 'வரையறுக்கப்படாதது' என்று அறிவிக்கும். தலைப்புக் கோப்பில் பெயர் இருந்தும் இப்பிழை எழலாம். 2020-இன் 5.7 பதிப்பில், குறியின் பெயரைக்கொண்டு அதன் முகவரியைத் தேடும் செயற்கூறு வெளிவழங்கப்படாமல் நிறுத்தப்பட்டபோது இந்நிலையே ஏற்பட்டது. சில பெயர்கள் ஜிபிஎல் உரிமத்துக்கு இயைந்த கூறுகளுக்கு மட்டுமே வழங்கப்படுகின்றன. அங்கே தடையாவது நிரலன்று, உரிம அறிவிப்பே.

கூறினை ஏற்றும்போது எழும் செய்திகளே பெரிதும் மயங்கவைப்பவை. கெர்னல் ஓர் எண்ணை மட்டும் திருப்பித் தருகின்றது. ஏற்றும் கருவி அதனைச் சொற்றொடராக்கிக் காட்டுகின்றது. 'கூறின் வடிவம் செல்லாது' என்ற செய்தியைக் கண்டவர் கோப்பு சிதைந்துவிட்டது எனக் கருதுவர். பெரும்பாலும் அது பதிப்பு முத்திரையின் பொருந்தாமையே. உண்மைக் காரணம் கெர்னலின் பதிவேட்டில் உள்ளது. 'டீமெஸ்க்' என்னும் ஆணை அதனைக் காட்டும். ஆங்கே இரண்டு முத்திரைகள் தரப்படும். முதலாவது கூறினுடையது, இரண்டாவது கெர்னல் எதிர்பார்ப்பது. இவ்வரிசை மொழிபெயர்ப்பில் மாறுமாயின் பயனர் தவறான பதிப்பைத் தேடிச் செல்வார்.

'தேவையான திறவுகோல் இல்லை' என்ற செய்தி பாதுகாப்புத் தொடக்கம் செயலில் உள்ள கணிப்பொறிகளில் எழுவது. ஏற்புடைய திறவுகோலால் கூறு கையொப்பமிடப்படவில்லை என்பது அதன் பொருள். எத்தனை முறை மீளத் தொகுப்பினும் இது தீராது. கையொப்பமிட்டு, அத்திறவுகோலை அமைப்பில் பதிவு செய்தல் வேண்டும். இதற்கு மாறாக, கெர்னல் 'மாசுபட்டது' என்ற பதிவேட்டுக் குறிப்பு பிழையே அன்று. வெளிக்கூறு ஒன்று ஏற்றப்பட்டுள்ளது என்பதைப் பின்னாளில் குறைகளை ஆராய்வோர்க்கு உணர்த்தும் குறிப்பு மட்டுமே அது. அதனைப் 'பழுதுற்றது' என மொழிபெயர்ப்பின், நன்கு இயங்கும் கூறினைப் பயனர் நீக்கிவிடக்கூடும்.

6. மொழிபெயர்ப்புச் சிக்கல்கள்

6.1 மூன்று எதிர்மறைகள். தொகுப்பி கூறும் 'அண்டிக்ளேர்டு', மாட்போஸ்ட் கூறும் 'அண்டிஃபைன்டு', ஏற்றத்தின்போது தோன்றும் 'அன்னோன்' ஆகிய மூன்றும் 'பெயர் காணப்படவில்லை' என்னும் பொதுக்கருத்தை உடையன. ஆயின் தீர்வுகள் வேறு. முதலாவதற்குத் தலைப்புக் கோப்பைச் சேர்த்தல் வேண்டும். இரண்டாவதற்கு அப்பெயரை வெளிவழங்கும் கூறு தேவை. மூன்றாவதற்கு அக்கூறினை முன்னதாக ஏற்றுதல் வேண்டும். தமிழில் 'அறிவிக்கப்படாத', 'அறியப்படாத' என்னும் சொற்கள் வடிவால் நெருங்கியவை. பயனர் இவற்றை எளிதில் மாறிக் கொள்வர். மேலும் 'அறிவிப்பு' என்ற சொல் பிழைச்செய்தியையும் குறித்து வழங்குகின்றது. எனவே 'அறிவிக்கப்படாத', 'வரையறுக்கப்படாத', 'இனங்காணப்படாத' என மூன்றையும் வேறுபடுத்தி, திரையில் தோன்றுவதைச் 'செய்தி' என்றே வழங்குவது மயக்கம் நீக்கும்.

6.2 ஒரே எண், பல பொருள். அமைப்புப் பிழையெண் 2 பொதுவாகக் 'கோப்போ அடைவோ இல்லை' எனப் பொருள்படும். அதே எண் கூறினை ஏற்றும்போது 'இனங்காணப்படாத குறி' என்று காட்டப்படுகின்றது. 'மேக்' கூறும் 'எரர் 2' இவ்விரண்டினின்றும் வேறான வெளியேற்ற எண். 'மேக்' என்பதன் பின் பகர அடைப்பில் நிற்கும் எண்ணோ உட்பணியின் ஆழத்தைக் குறிப்பது. எண்ணுக்கு ஒரே மொழிபெயர்ப்பை நிலைப்படுத்தும் சொற்பட்டியல் இங்குப் பயன்படாது.

6.3 சொல்வரிசையும் வேற்றுமையும். 'இன்ன செயற்கூறின் இன்ன உள்ளீடு' என்னும் கருத்தை ஆங்கிலம் உள்ளீட்டெண்ணை முன்னும் பெயரைப் பின்னும் வைத்து உரைக்கும். தமிழில் பெயர் முன்வரும். செய்தி வார்ப்பில் இடங்காட்டும் எண்களை இடாமல் சொற்களை மட்டும் மாற்றின், எண்ணின் இடத்தில் பெயரும் பெயரின் இடத்தில் எண்ணும் அமைந்துவிடும். வெற்றிடத்தில் எப்பெயர் வரும் என்பதும் முன்கூட்டித் தெரியாது. ஆகவே வேற்றுமை உருபை நேரே சேர்த்தல் புணர்ச்சிக் குறைக்கு இடந்தரும். 'என்னும் செயற்கூறின்', 'என்னும் கோப்பில்' என இணைப்புச்சொல் இட்டு, பொதுப்பெயரின்மேல் உருபேற்றுவதே ஏற்ற வழி.

6.4 இருமொழித் திரை. தொகுப்பியும் 'மேக்' கருவியும் மொழிபெயர்ப்புக்கு இடந்தருவன. கெர்னலின் பதிவேடு மொழிபெயர்க்கப்படுவதில்லை. எனவே ஒரே திரையில் இரு மொழிகள் கலந்து தோன்றும். பிறரிடம் உதவி நாடுவோர் 'எல்சி-ஆல்' என்னும் மாறியின் மதிப்பை 'சி' என அமைத்து மூலச்செய்தியைப் பெறலாம். தமிழ்க் கையேடுகள் மூலச்செய்தியையும் மொழிபெயர்ப்பையும் அடுத்தடுத்துத் தருவது இதனால் இன்றியமையாததாகின்றது.

7. முடிவுரை

கெர்னல் கூறின் பிழைச்செய்தி, படியை அறிந்து, முதற்பிழையை நோக்கி, பதிவேட்டுடன் ஒப்பிட்டுப் படிக்கத்தக்கது. மொழிபெயர்ப்பாளர் தம் சொற்றேர்வைச் சோதிப்பதற்கு ஓர் எளிய அளவுகோல் உண்டு: வெவ்வேறு தீர்வுகளை வேண்டும் இரு செய்திகள் தமிழிலும் வெவ்வேறாக நிற்கின்றனவா என்பதே அது. நிற்காவிடின், தமிழில் படிப்பவர் ஆங்கிலத்தில் படிப்பவரைவிடக் குறைவான செய்தியையே பெறுகின்றார். பிழையை நீக்க அவர் மீண்டும் மூலமொழியையே நாட நேரும்.