ஊருக்குத் திரும்பிய பிள்ளை

புனே நகரத்தின் வடகிழக்கில் இருக்கிறது லோஹேகாவ். விமான நிலையம் அங்கேதான் உள்ளது. மராத்தி மொழியில் 'காவ்' என்றால் ஊர். பெயரில் ஊர் இருக்கிறது. ஆனால் 2017-ஆம் ஆண்டில் லோஹேகாவ் முழுவதும் புனே மாநகராட்சியோடு சேர்ந்துவிட்டது. இப்படி வளரும் நகரத்துக்குப் பிழைப்புத் தேடி ஆட்கள் வருகிறார்கள். வறண்ட ஊர்களிலிருந்து வருகிறவர்கள் நிறையப் பேர்.

அப்படி ஆட்களை அனுப்பிய ஊர்களில் ஒன்று ஹிவ்ரே பஜார். லோஹேகாவுக்குப் பக்கத்தில் ஓடும் நகர் ரோட்டைப் பிடித்துப் போனால், அகமதுநகர் மாவட்டம் வரும். இப்போது அந்த மாவட்டத்தின் பெயர் அகில்யாநகர். அங்கேதான் ஹிவ்ரே பஜார் இருக்கிறது.

அங்கே ஏன் வறட்சி? அரபிக் கடலிலிருந்து வரும் மழை மேகத்தை மேற்குத் தொடர்ச்சி மலை மறிக்கிறது. மலைக்கு மேற்கே மழை கொட்டுகிறது. கிழக்கே மிச்சம் மீதிதான் வருகிறது. ஹிவ்ரே பஜாரில் ஆண்டுக்குச் சுமார் 400 மில்லிமீட்டர் மழை பெய்தாலே பெரிது. அந்த மழையும் நிலத்தில் தங்கவில்லை. மலையில் இருந்த மரங்களை வெட்டிவிட்டார்கள். மொட்டைத் தலையில் ஊற்றிய தண்ணீர் நிற்குமா? மண்ணையும் அரித்துக்கொண்டு ஓடியது. கிணறுகள் வற்றின. ஊரில் சாராயம் பெருகியது, சண்டை பெருகியது. வேலை செய்ய முடிந்தவர்கள் புனேவுக்கும் மும்பைக்கும் கிளம்பினார்கள்.

அந்த ஊர்ப் பிள்ளை போபட்ராவ் பவார். வெளியூரில் தங்கி எம்.காம். வரை படித்தார். நன்றாகக் கிரிக்கெட் ஆடுவார். படித்த பிள்ளைக்கு உத்தியோகம் கிடைக்கும் என்றுதானே வீட்டில் நினைப்பார்கள்? அவரோ ஊருக்குத் திரும்பினார். 1989-இல் போட்டியில்லாமல் ஊர்த் தலைவர் ஆனார். ஊர்த் தலைவரை அங்கே 'சர்பஞ்ச்' என்பார்கள்.

அவருக்கு ஒரு முன்மாதிரி பக்கத்திலேயே இருந்தது. அதுதான் ராளேகண் சித்தி. ராணுவத்தில் இருந்த அண்ணா ஹசாரே 1975-இல் தம் ஊரான அங்கே திரும்பி, தண்ணீர் சேமிக்கும் வேலையைத் தொடங்கியிருந்தார். அங்கே செய்ததை இங்கேயும் செய்யலாம் என்று பவார் எண்ணினார்.

என்ன செய்தார்கள்? மலைச்சரிவில் குறுக்கே, ஒரே மட்டத்தில், நீளநீளமாகப் பள்ளம் வெட்டினார்கள். ஓடி வரும் மழைநீர் பள்ளத்தில் நிற்கும். மெல்ல மண்ணுக்குள் இறங்கும். அப்படி இறங்கும் நீர்தான் கீழே உள்ள கிணற்றில் ஊறும். ஓடையில் தடுப்பணை கட்டினார்கள். மரம் நட்டார்கள். அரசாங்கத்தின் வேலை உறுதித் திட்டப் பணமும், 1994-க்குப் பிறகு 'ஆதர்ஷ் காவ்' திட்டப் பணமும் உதவின. ஆதர்ஷ் காவ் என்றால் முன்மாதிரி ஊர்.

ஆனால் பணம் வந்த ஊர் எல்லாம் உருப்பட்டுவிடவில்லை. இங்கே ஊரார் தங்களுக்குத் தாங்களே கட்டுப்பாடு போட்டுக்கொண்டார்கள். மரம் வெட்டக் கூடாது. மலையில் மாடு, ஆடு மேய்க்கக் கூடாது. குடிக்கக் கூடாது. குடும்பக் கட்டுப்பாடு வேண்டும். ஊர் வேலைக்கு இலவசமாக உழைப்புத் தர வேண்டும். மரம் வெட்டும் தடைக்கு மராத்தியில் 'குர்ஹாட் பந்தி' என்று பெயர். அதாவது, கோடரிக்குத் தடை. தமிழில் பந்தி என்றால் இலை போட்டுச் சாப்பாடு. அங்கே பந்தி என்றால் தடை!

மேய்ச்சல் தடை சுலபமான காரியம் இல்லை. நிலம் இல்லாமல் நாலு ஆட்டை நம்பி இருப்பவர் எங்கே போவார்? அவருக்குத்தான் முதல் அடி. புல்லை மலையிலேயே மேயவிடாமல், அறுத்துக் கட்டாகத் தலையில் சுமந்து வர வேண்டும் என்று ஏற்பாடு செய்தார்கள். அறுத்த புல் மறுபடி தழைத்தது. தீவனம் கூடியது. கறவை மாடு கூடியது. பால் விற்ற காசு வீட்டுக்கு வந்தது.

அடுத்தது தண்ணீர்க் கணக்கு. வீட்டில் மாதச் சம்பளத்துக்குக் கணக்குப் போடுகிறோம் அல்லவா? அதுபோலத்தான். ஊரில் மழையை அளக்கிறார்கள். இந்த ஆண்டு எவ்வளவு பெய்தது, எவ்வளவு நிலத்தில் இறங்கியது என்று பார்க்கிறார்கள். முதலில் மனிதருக்கும் மாட்டுக்கும் குடிநீர். பிறகு வீட்டுத் தேவை. மிச்சம்தான் பயிருக்கு. அதிலும் ஒரு பங்கை நிலத்தடியில் விட்டுவைக்கிறார்கள். பாசனத்துக்கு ஆழ்துளைக் கிணறு போடக் கூடாது. தண்ணீரை அதிகம் குடிக்கும் கரும்பும் வாழையும் வேண்டாம். மகாராஷ்டிரத்தில் கரும்பு என்றால் கையில் காசு. அதை வேண்டாம் என்று சொல்ல மனம் வர வேண்டும்.

கிணறுகளில் தண்ணீர் ஏறியது. நகரத்துக்குப் போன குடும்பங்கள் பல திரும்பி வந்தன. 2020-இல் பவாருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. பல ஊர்களிலிருந்து ஆட்கள் ஹிவ்ரே பஜாரைப் பார்க்கப் போகிறார்கள்.

பார்க்கப் போகிறவர்கள் பச்சை மலையைப் படம் பிடிக்கிறார்கள். பார்க்க வேண்டிய இடம் இன்னொன்றும் உண்டு. அது கிராம சபை. மழை குறைந்த ஆண்டில் அங்கே தண்ணீர்க் கணக்கை வாசிப்பார்கள். எந்தப் பயிர் போடலாம், எதைப் போடக் கூடாது என்று பேசி முடிவு எடுப்பார்கள். கிணறும் நிலமும் சொந்தமாக வைத்திருப்பவரும் அங்கே உட்கார்ந்து கேட்டுக்கொள்கிறார்.