காரைதீவில் ஒரு மணி நேரம்

மட்டக்களப்பிலிருந்து அக்கரைப்பற்றுக்குச் செல்லும் கடலோர நெடுஞ்சாலையில் நாம் எத்தனையோ முறை போய் வந்திருக்கிறோம். மருதமுனையிலே கைத்தறிச் சேலைக்காக நின்றிருக்கிறோம். கல்முனையிலே தேநீருக்காக நின்றிருக்கிறோம். சாய்ந்தமருதைக் கடந்ததும் வரும் காரைதீவில் மாத்திரம் ஒரு முறையேனும் இறங்கியதில்லை. இருபது ஆண்டுகளாகத் தமிழ் கற்பிக்கும் நமக்கு இதைச் சொல்ல நாணமாகத்தான் இருக்கிறது.

சென்ற மாதம் இறங்க நேர்ந்தது. பக்தியினால் அன்று, வண்டிச் சக்கரத்தில் காற்றுப் போய்விட்டது! டயர் கடையில் இருந்த நிந்தவூர்ப் பெரியவர், "நேரமாகும் சேர். அதுக்குள்ள சாமிட வீட்டப் பாத்துட்டு வாங்க," என்று வழி காட்டினார்.

உடன் வந்த மகனுக்கும் நமக்கும் அன்று பேச்சு அவ்வளவாக இல்லை. உயர்தரத்தில் அவன் கலைப் பிரிவு எடுக்கவேண்டும் என்பது நம் ஆசை. கணிதந்தான் என்பது அவன் பிடிவாதம்.

கிழக்கே கடல், மேற்கே வயல்வெளி, நிந்தவூர்ப் பக்கம் வெட்டாறு. நடுவே கண்ணகி அம்மன் கோயில் கொண்ட ஊர். 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலை, தமிழர் ஊர், முஸ்லிம் ஊர் என்று பாராமல் இக்கரை முழுவதையும் வாரிச் சென்றது. இங்கேதான் 1892 மார்ச் 27இல் மயில்வாகனன் பிறந்தார். உலகம் அவரைச் சுவாமி விபுலானந்தர் என்று அறியும். கல்முனையிலும் மட்டக்களப்பிலும் படித்தவர். 1916இல் மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதர். 1920இல் இலண்டன் விஞ்ஞானப் பட்டதாரி.

"விஞ்ஞானமா?" என்றான் மகன். அன்று காலை முதல் அவன் கேட்ட முதற் கேள்வி அது.

ஆம், விஞ்ஞானமே. யாழ்ப்பாணத்துக் கல்லூரியில் விஞ்ஞான ஆசிரியராயிருந்த அவர்தாம், பின்பு 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியர் ஆனார். பழந்தமிழரின் யாழ்க் கருவி ஒன்றுகூட இன்று எஞ்சவில்லை. சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையையும் அதன் உரைகளையும் வைத்துக்கொண்டு, கணக்கின் துணையால் அதை மீட்டெடுக்க அவர் முயன்றார். ஒரு நரம்பைப் பாதியாகக் குறைத்தால் அதே சுரம் மேல் தானத்தில் ஒலிக்கும். மூன்றில் இரண்டு பங்காக்கினால் இளி, அதாவது பஞ்சமம் பிறக்கும். இத்தகைய பின்னங்களைக் கொண்டே பண்களின் அலகுகளை அவர் கணித்தார். கண்ணகியை வழிபடும் ஊரில் பிறந்தவர் கண்ணகி காப்பியத்தில் போய் நின்றது நமக்கு வியப்பளிக்கவில்லை. கையில் கணக்கோடு போய் நின்றதே வியப்பு.

'யாழ்நூல்' 1947 ஜூன் மாதம் சோழநாட்டுத் திருக்கொள்ளம்பூதூரில், ஆற்றங்கரைத் திருக்கோயிலிலே அரங்கேறியது. ஒன்றரை மாதத்தில், ஜூலை 19 அன்று, ஆசிரியர் கொழும்பில் மறைந்தார். மட்டக்களப்பு வாவிக்கு அருகே கல்லடி உப்போடையில், தாம் வளர்த்த சிவானந்த வித்தியாலய வளவிலே துயில்கிறார்.

திரும்புகையில் சக்கரம் ஆயத்தமாயிருந்தது. வண்டி பாண்டிருப்பைத் தாண்டும்போது மகன், "அப்பா, அந்த நூல் நம் வீட்டில் இருக்கிறதா?" என்றான்.

இருக்கிறது. கணக்குப் பக்கங்களை நாம் ஒருநாளும் படித்ததில்லை என்பதையும் அவனிடம் சொன்னோம்.

"கொடுங்கள், நான் சொல்லித் தருகிறேன்," என்றான்.