குடலும் ஈரலும் அறிந்த மருத்துவர் உருவாகும் வகை

ஹைதராபாத் நகரின் கிழக்குப் புறத்தில், நாச்சாரத்தை அடுத்து, மல்லாபூர் என்றொரு பகுதி இருக்கிறது. தொழிற்சாலைகளும் தொழிலாளர் குடியிருப்புக்களும் நெருங்கிய இடம் அது. அங்கே இரவுப் பணி முடித்து வீடு திரும்பிய ஒருவர் திடீரென்று இரத்த வாந்தி எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வீட்டார் பதறுகின்றனர். அண்டை வீட்டார் ஓடி வருகின்றனர். “பெரிய டாக்டரிடம் கொண்டு போங்கள்” என்று ஆளுக்கு ஆள் சொல்கின்றனர். அந்தப் பெரிய டாக்டர் யார்? அவர் எத்தனை ஆண்டுகள், எங்கே, என்ன கற்றார்? மற்ற மருத்துவர்கள் அறியாத எதனை அவர் அறிந்திருக்கிறார்? மல்லாபூரில் மட்டுமன்றி, அம்பத்தூரிலும் இராணிப்பேட்டையிலும் இதே கேள்விகள் எழக்கூடும். ஆதலின் அவற்றைச் சற்று விரிவாக ஆராய்வோம்.

உணவுக்குழல், இரைப்பை, சிறுகுடல், பெருங்குடல் ஆகியவை ஒரே பாதையின் பகுதிகள். கல்லீரலும் பித்தப்பையும் கணையமும் அப்பாதையோடு இணைந்து உழைக்கும் உறுப்புக்கள். குடலிலிருந்து திரும்பும் இரத்தம் நேரே இதயத்தை அடைவதில்லை. முதலில் கல்லீரலுக்குள் புகுந்து, அங்கே பக்குவம் பெற்ற பின்னரே மேலே செல்கிறது. மதுவாலோ, கிருமியாலோ, மிகுந்த கொழுப்பாலோ கல்லீரல் வடுப்பட்டு இறுகிவிட்டால், அவ்விரத்தம் உள்ளே செல்ல வழியின்றித் தேங்குகிறது. தேங்கிய இரத்தம் மாற்று வழி தேடி, உணவுக்குழலின் அடியிலுள்ள மெல்லிய இரத்தக் குழாய்களைப் புடைக்கச் செய்கிறது. அவற்றுள் ஒன்று வெடித்தால் இரத்த வாந்தி உண்டாகிறது. நோய் இருப்பது கல்லீரலில். அதன் அடையாளம் தோன்றுவதோ உணவுக்குழலில். இவ்வுறுப்புக்கள் யாவற்றையும் ஒரே துறையாகக் கற்பிப்பதன் காரணம் இதனால் விளங்கும்.

இத்துறை தனியே வளர்வதற்குப் பெரிதும் துணை புரிந்தது, உள்ளே எட்டிப் பார்க்கும் கருவியாகும். 1868 ஆம் ஆண்டில் ஜெர்மனியில் குஸ்மால் என்னும் மருத்துவர், கத்தி விழுங்கி வித்தை காட்டும் ஒருவரைக் கொண்டு, நேரான உலோகக் குழாயை இரைப்பைக்குள் செலுத்திப் பார்த்தார். வித்தைக்காரர் விழுங்கலாம், நோயாளி விழுங்குவது எவ்வாறு? வளையும் குழாய் வேண்டும். அக்குழாயின் வளைவுகளில் ஒளியும் வளைந்து செல்ல வேண்டும். பஞ்சாபில் பிறந்த நரிந்தர் சிங் கபானியும் அவருடைய ஆசிரியர் ஹாப்கின்ஸும், மெல்லிய கண்ணாடி இழைகளைக் கற்றையாகக் கட்டி அவற்றின் வழியே உருவத்தைச் செலுத்தும் முறையை, 1954 ஆம் ஆண்டில் லண்டனிலிருந்து வெளியிட்டனர். 1957 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஹிர்ஷோவிட்ஸ் என்பவர் அவ்வகைக் கருவியைச் செய்து முடித்தார். நோயாளிக்குச் செலுத்துமுன் அதனை அவர் தாமே விழுங்கிப் பார்த்தார் என்பது குறிப்பிடத்தக்கது. இன்று நாம் எண்டாஸ்கோப்பி என்று வழங்கும் சோதனை அவ்வழியில் வந்ததே. இக்காலக் கருவிகளில் இழைக் கற்றையின் இடத்தை நுண்ணிய காமிரா பெற்றிருக்கிறது.

கருவி மேனாட்டில் பிறந்ததெனினும், நம் நாட்டில் இத்துறை தழைத்ததற்கு நம் மண்ணின் நோய்களும் காரணமாயின. 1955 ஆம் ஆண்டின் இறுதியில் தில்லி நகரின் குடிநீரில் சாக்கடை கலந்ததால் ஏறத்தாழ 29,000 பேர் மஞ்சட்காமாலையால் பீடிக்கப்பட்டனர். அக்காலத்தில் அறியப்பட்டிருந்த காமாலைக் கிருமியின் வேலை அதுவென்றே கருதப்பட்டது. இன்று ‘ஈ’ வகை எனப்படும் வேறொரு வைரஸே காரணம் என்பது 1980க்குப் பின்னரே தெளிவாயிற்று. அவ்வகைக் காமாலை பெரும்பாலோருக்குத் தானே தணிந்துவிடும். கருவுற்ற பெண்களுக்கோ உயிருக்கு உலை வைக்கும். இதற்கிடையில், 1960 ஆம் ஆண்டையொட்டி வட ஆர்க்காட்டுச் சிற்றூர்களில், நீங்காத பேதியால் மக்கள் மெலிந்து போகும் ‘ஸ்ப்ரூ’ என்னும் நோய் பரவியது. வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியில் செல்வின் பேக்கர், மாத்தன் முதலியோர் அதனைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தனர். மேனாட்டுப் பாடநூல்களை மட்டும் படித்த ஒருவர் இத்தகைய நோய்களை இனங்காணுதல் அரிது. இந்நாட்டு நோயாளியின் படுக்கையருகே நின்று பயின்ற மருத்துவர்கள் வேண்டும் என்ற உணர்வு இவ்வாறு வலுப்பெற்றது. இந்தியக் குடல்நோய் மருத்துவர் சங்கமும் 1960 ஆம் ஆண்டில் தோன்றியதேயாகும்.

இனி, பயிற்சியின் படிகளைக் காண்போம். எம்.பி.பி.எஸ். படிப்பு நான்கரை ஆண்டு. அதன்பின் மருத்துவமனையில் கட்டாயப் பயிற்சி ஓராண்டு. பிறகு பொது மருத்துவத்தில் எம்.டி. பட்டத்துக்கு மூன்று ஆண்டு. அதன்மேல் அகில இந்தியத் தகுதித் தேர்வில் தேறினால், குடல் நோய்த் துறையில் டி.எம். பட்டத்துக்கு மேலும் மூன்று ஆண்டு. தேசியத் தேர்வு வாரியம் அளிக்கும் நிகரான பட்டமும் உண்டு. ஆகவே இடைவெளியின்றிப் படித்தாலும் பதினொன்றரை ஆண்டுகள் கழிகின்றன. அறுவை செய்வோர் எம்.எஸ்., எம்.சிஎச். என்னும் வேறு வழியில் செல்வர். சென்னை மருத்துவக் கல்லூரியில் அந்த அறுவைத் துறையைத் தனித்துறையாக வளர்த்த பேராசிரியர் ரங்கபாஷ்யத்தைத் தமிழ்நாடு நன்கு அறியும். கல்லீரலுக்கு மட்டும் தனியாக டி.எம். படிப்பு நடத்தும் நிறுவனங்களும் இப்போது உள்ளன.

இப்படிகளில் ஏறியவர் ஒருவரின் வரலாறு ஹைதராபாத்திலேயே கிடைக்கிறது. டாக்டர் நாகேஸ்வர ரெட்டி கர்னூல் மருத்துவக் கல்லூரியில் எம்.பி.பி.எஸ்., சென்னை மருத்துவக் கல்லூரியில் எம்.டி., சண்டிகரிலுள்ள மத்திய மருத்துவ மேற்படிப்பு நிலையத்தில் டி.எம். என்று மூன்று ஊர்களில் பயின்றவர். 1994 ஆம் ஆண்டில் ஹைதராபாத்தில் ஆசியக் குடல்நோய் மருத்துவ நிலையத்தைத் தொடங்கினார். நோய் தீர்ப்பதோடு பிற மருத்துவர்க்குக் கற்பிப்பதையும் அந்நிலையம் தன் பணியாகக் கொண்டது. வெளிநாட்டு மருத்துவர்களும் அங்கே வந்து பயிற்சி பெறுகின்றனர். 2025 ஆம் ஆண்டில் அவருக்குப் பத்ம விபூஷண் விருது அறிவிக்கப்பட்டது.

இறுதி மூன்று ஆண்டுகளில் என்ன கற்கிறார்கள் என்று கேட்கலாம். குழாயைச் செலுத்தும் கைப்பழக்கம் ஒன்றே என்று பலர் எண்ணுகின்றனர். கைப்பழக்கம் வேண்டுவதுதான். மாணவர் முதலில் ஆசிரியர் செய்வதைக் கவனிக்கிறார். மாதிரிக் கருவிகளில் பழகுகிறார். பின்னர் ஆசிரியர் அருகிருக்கத் தாமே இரைப்பையைச் சோதிக்கிறார். அது கைவந்தபின் பெருங்குடல். அதன்பின் இரத்தம் கசியும் புண்ணை அடைத்தல், புடைத்த குழாய்களுக்கு ரப்பர் வளையம் இடுதல். அனைத்துக்கும் பின்னர், பித்தநாளத்தின் வாயில் வழியே நுழைந்து கல்லை அகற்றுதல் என்று படிப்படியாக முன்னேறுகிறார். ஆயினும் கை கற்றுக்கொள்வதைக் காட்டிலும், எப்போது செய்வது, எப்போது செய்யாதிருப்பது என்று மனம் கற்றுக்கொள்வதற்கே நெடுங்காலம் வேண்டியிருக்கிறது. இதற்கு மூன்று சான்றுகள் கூறுவோம்.

முதலாவது, இரத்தம் ஏற்றுதல். இரத்த வாந்தி எடுத்தவருக்கு எவ்வளவு இரத்தம் ஏற்றினாலும் நல்லதே என்று எவருக்கும் தோன்றும். ஸ்பெயினில் பார்சிலோனா நகரத்து மருத்துவர்கள் இதனை 921 நோயாளிகளிடம் சோதித்து, 2013 ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். ஒரு பிரிவினருக்கு ஹீமோகுளோபின் 7 கிராமுக்குக் கீழே இறங்கினால் மட்டும் இரத்தம் ஏற்றினர். மற்றொரு பிரிவினருக்கு 9 கிராமுக்குக் கீழே இறங்கியவுடனே ஏற்றினர். ஆறு வாரம் கழித்துப் பார்க்கையில், முதற்பிரிவில் நூற்றுக்கு 95 பேரும், இரண்டாம் பிரிவில் நூற்றுக்கு 91 பேரும் உயிரோடிருந்தனர். குறைவாக ஏற்றியதே நன்மை பயந்தது. மிகுதியாக ஏற்றினால் கல்லீரலைச் சூழ்ந்த குழாய்களில் அழுத்தம் கூடி, அடைபட்ட இடம் மீண்டும் திறந்துகொள்ளக்கூடும். வெள்ளமாய் இரத்தம் பெருகுவோர்க்கும் இதய நோயாளர்க்கும் இவ்விதி அப்படியே பொருந்தாது. எவருக்குப் பொருந்தும் என்று பகுத்தறிவதே பயிற்சியின் பயன்.

இரண்டாவது, விரைவு. இரத்தக் கசிவு மிக்க நோயாளிக்கு ஆறு மணி நேரத்துக்குள் எண்டாஸ்கோப்பி செய்தால் உயிர்ச்சேதம் குறையுமா என்று ஹாங்காங் மருத்துவர்கள் ஆராய்ந்தனர். 2020 ஆம் ஆண்டில் வெளியான அவர்களது முடிவின்படி, ஆறு மணிக்குள் செய்ததால், அதற்குப் பின் 24 மணிக்குள் செய்ததைவிட அதிகப் பயன் விளையவில்லை. முதலில் நாடியையும் இரத்த அழுத்தத்தையும் நிலைநிறுத்தி, வேண்டிய மருந்துகளைச் செலுத்தி, பிறகு குழாயைக் கையில் எடுப்பதே முறை. எவ்வளவு செய்தும் நிலைப்படாதவருக்கு மட்டும் காத்திருத்தல் ஆகாது; கல்லீரல் நோயினரைப் பெரும்பாலும் 12 மணிக்குள் சோதித்தல் வேண்டும்.

மூன்றாவது, பித்தநாளச் சோதனை. முன்னாளில் நோயை அறிவதற்கென்றே அந்நாளத்துக்குள் குழாய் செலுத்தினர். அதனால் சிலருக்குக் கணைய அழற்சி ஏற்பட்டது. அது சில வேளைகளில் உயிரையும் பறிக்கவல்லது. இப்போது காந்தப் படமும் ஒலியலைப் படமும் நோயைக் காட்டிவிடுவதால், கல்லை எடுத்தல் போன்ற சிகிச்சைக்கு மட்டுமே உள்ளே புகவேண்டும் என்பது நெறி. கருவியும் திறமையும் கையிலிருக்க, அவற்றைப் பயன்படுத்தாமல் விடுவதற்கு முதிர்ந்த அறிவு வேண்டும். அவ்வறிவை மூத்தோர் அருகிருந்தே பெறவியலும்.

இனி, மல்லாபூர்த் தொழிலாளியிடம் திரும்புவோம். நாம் மேலே கூறிய நிலையத்தின் பெரிய மருத்துவமனை நகரின் மேற்கு ஓரத்தில் கச்சிபௌலியில் இருக்கிறது. மல்லாபூரோ கிழக்கு ஓரத்தில். இடையே கிடப்பது நகரின் முழு அகலம். பஞ்சகுட்டாவிலுள்ள நிஜாம் மருத்துவ நிலையமும், மூசி நதிக்கரை உஸ்மானியா மருத்துவமனையும் சற்று அருகில் உள்ளன. எனினும் நள்ளிரவில் அவரை முதலில் காண்பவர் பெரும்பாலும் பக்கத்துத் தெருவின் பொது மருத்துவராகவே இருப்பார். சிற்றூர்களிலோ நிபுணர் இருக்கும் நகரம் பல மணி நேரப் பயணத் தொலைவில் இருக்கும். பதினொன்றரை ஆண்டுப் படிப்பை முடிப்போர் சிலரே. அவர்களுள் பலர் பெருநகரங்களிலேயே தங்குகின்றனர். நிபுணர்களை இன்னும் மிகுதியாகப் பயிற்றுதல் வேண்டும். அதனோடு, அவர்கள் கற்றதன் சாரம் பொது மருத்துவரையும் செவிலியரையும் சென்றடைதல் வேண்டும். நாடி பார்த்து, ஊசி வழியே திரவம் ஏற்றி, கல்லீரல் நோய் உண்டென்று ஐயுற்றால் கிருமிக்கொல்லி மருந்தைத் தொடங்கி, முறையான கடிதத்தோடு அனுப்பிவைக்கும் ஒரு சாதாரண மருத்துவர் செய்யும் வேலை, அப்பால் நிபுணர் செய்யப்போகும் வேலையில் பாதியாகும்.

மக்களாகிய நாமும் அறிந்துகொள்ள வேண்டியவை சில உள. இரத்த வாந்தி, தார் போன்று கறுத்த மலம், மஞ்சட்காமாலையோடு மயக்கமோ மனக் குழப்பமோ தோன்றுதல், கருவுற்ற பெண்ணுக்குக் காமாலை ஆகியவை ஒரு நாளும் காத்திருக்கத் தகாதவை. உடனே 108 என்னும் எண்ணை அழைக்க வேண்டும். மூட்டுவலிக்கும் தலைவலிக்கும் கடையில் தாமே வாங்கி விழுங்கும் வலி மாத்திரைகள் இரைப்பைப் புண்ணுக்கு ஒரு முக்கியக் காரணம் என்பதையும் மறத்தலாகாது.

நிபுணரின் வாயிலை அடையாமலே இருப்பது அனைத்தினும் மேலானது. கல்லீரலைக் கெடுக்கும் ‘பி’ வகைக் கிருமிக்குத் தடுப்பூசி உண்டு. அவ்வூசியை நம் நாட்டில் மரபணு முறையில் முதன்முதலாகச் செய்து 1997 ஆம் ஆண்டில் வெளியிட்ட சாந்தா பயோடெக்னிக்ஸ் என்னும் நிறுவனமும் ஹைதராபாத்தைச் சேர்ந்ததே. குழந்தை பிறந்த 24 மணி நேரத்துக்குள் முதல் ஊசி போடப்படுதல் வேண்டும். ‘சி’ வகையைப் பெரும்பாலோருக்குப் பன்னிரண்டு வார மாத்திரைகளால் முற்றிலும் நீக்கிவிடலாம். 2018 ஆம் ஆண்டில் தொடங்கிய தேசியத் திட்டத்தின்கீழ் இவற்றுக்கான சோதனையும் மருந்தும் அரசு மருத்துவமனைகளில் இலவசமாகக் கிடைக்கின்றன. மதுவை விலக்குதலும், உடல் பருமனைக் குறைத்தலும், தூய நீர் பருகுதலும் நம் கையில் உள்ளவை.

ஒரு மருத்துவரை இத்துறையில் ஆயத்தம் செய்யப் பதினொன்றரை ஆண்டுகள் ஆகின்றன. அவருடைய அறிவு மல்லாபூர்த் தொழிலாளிக்கு உதவ வேண்டுமானால், அவர் உரிய வேளையில், உரிய நிலையில், அம்மருத்துவரிடம் போய்ச் சேர்தல் வேண்டும். அந்த வழியைச் செம்மை செய்வது வீட்டார், அண்டை மருத்துவர், அரசாங்கம் ஆகிய மூவர் பொறுப்புமாகும்.