பரப்பு இழுவிசையும் பரப்பு மின்னூட்டமும்: அலகு மாற்றத்தின் எல்லை

ஹைதராபாத் சமஸ்தானத்தில் ஹாலி சிக்கா என்னும் தனி நாணயம் வழங்கிவந்தது. 1950-இல் இந்திய ரூபாய் அதனுடன் சேர்ந்து புழங்கத் தொடங்கியபொழுது, 7 ஹைதராபாத் ரூபாய்க்கு 6 இந்திய ரூபாய் என்பது கணக்கு. 1959-இல் பழைய நாணயம் செல்லாததாகும்வரை கடைவீதியில் இக்கணக்கு நிலவியது. ஆயினும், “7 ரூபாய் எத்தனை சேருக்குச் சமம்?” என்று ஒருவர் வினவினால், “எந்தப் பண்டம், என்ன விலை?” என்றே வணிகர் திருப்பிக் கேட்பார். நாணயத்தை நாணயமாக மாற்றலாம். எடையாக மாற்ற இயலாது. இரண்டையும் இணைக்க விலை என்னும் மூன்றாவது ஒன்று வேண்டும்.

பரப்பு இழுவிசையின் அலகுகளையும் பரப்பு மின்னூட்டத்தின் அலகுகளையும் கையாள்வோர் இவ்வுண்மையை நினைவிற்கொள்ளுதல் நலம். இவ்விரண்டும் பாடநூலில் வெவ்வேறு அதிகாரங்களில் இடம் பெறுகின்றன; தொழிற்கூடத்திலோ ஒரே துளியில் சந்திக்கின்றன.

ஹைதராபாத்தைச் சேர்ந்த சனத்நகர் பெயர்பெற்ற தொழிற்பகுதி. 1942-இல் தொடங்கப்பெற்ற ஆல்வின் நிறுவனத்தின் தொழிற்சாலை அங்கே இயங்கிவந்தது. அந்நிறுவனம் இன்று இல்லை. எனினும் அது செய்து விற்ற குளிர்பதனப் பெட்டிகளைப் பலர் இன்றும் நினைவுகூர்வர். இத்தகைய தகட்டுப் பொருள் எதுவாயினும் அதற்கு வர்ணப் பூச்சு இன்றியமையாதது. வர்ணம் தகட்டின்மேல் பரவிப் படிவதா, உருண்டு திரள்வதா என்பதில் அதன் பரப்பு இழுவிசைக்குப் பெரும்பங்கு உண்டு. நிலைமின் தெளிப்பு முறையில் வர்ணத் துளிகளுக்கு மின்னூட்டம் அளிக்கப்படுகிறது. அவை காற்றில் சிதறி வீணாகாமல், புவியுடன் இணைக்கப்பட்ட தகட்டை நாடிச் செல்கின்றன. பயிர்களுக்கு மருந்து தெளிக்கும் நிலைமின் தெளிப்பான்களுக்கும் இதுவே அடிப்படை. சண்டிகரிலுள்ள மத்திய அறிவியல் கருவிகள் நிறுவனம் இம்முறையில் உருவாக்கிய கருவி, 2020-இல் கொரோனாத் தொற்றின்போது கிருமிநாசினி தெளிக்கவும் பயன்பட்டது.

ஒவ்வோர் அளவிற்கும் உரிய மாற்றம்

முதலில் பரப்பு இழுவிசையைக் காண்போம். திரவப் பரப்பில் ஓரலகு நீளத்திற்குச் செயற்படும் விசையே அது. பழைய செ.மீ.-கிராம்-செகண்டு முறையில் அதன் அலகு டைன்/செ.மீ. ஆகும், 1960-இல் பெயர் சூட்டப்பெற்ற பன்னாட்டு அலகு முறையில் நியூட்டன்/மீட்டர் ஆகும். 1 நியூட்டன் என்பது 1 லட்சம் டைன். 1 மீட்டர் என்பது 100 செ.மீ. ஆகவே 1 நியூட்டன்/மீட்டர் என்பது 1,000 டைன்/செ.மீ.-க்குச் சமம். 25 பாகை செல்சியஸில் தூய நீரின் பரப்பு இழுவிசை ஏறத்தாழ 72 டைன்/செ.மீ.; அதாவது 0.072 நியூட்டன்/மீட்டர்.

அடுத்தது, ஓரலகுப் பரப்பின்மீதுள்ள மின்னூட்டம். பழைய முறையில் இது நிலைமின் அலகு/சதுர செ.மீ. என்றும், புதிய முறையில் கூலூம்/சதுர மீட்டர் என்றும் குறிக்கப்படும். 1 கூலூம் ஏறத்தாழ 300 கோடி நிலைமின் அலகுகளுக்குச் சமம். 1 சதுர மீட்டரில் 10,000 சதுர செ.மீ. உண்டு. 300 கோடியை 10,000-ஆல் வகுக்க, 1 கூலூம்/சதுர மீட்டர் என்பது ஏறத்தாழ 3 லட்சம் நிலைமின் அலகு/சதுர செ.மீ. என்றாகிறது.

இவை இரண்டும் நாணயத்தை நாணயமாக மாற்றுவதை ஒத்தவை. 72 டைன்/செ.மீ. எத்தனை கூலூம்/சதுர மீட்டர் என்ற வினாவிற்கோ விடையே இல்லை. அங்கே “விலை” வேண்டும். அவ்விலையை நிர்ணயிப்பது இயற்கை விதி.

இரண்டையும் இணைக்கும் விதி

அவ்விதியை 1882-இல் ராலே பிரபு கண்டறிந்தார். மின்னூட்டம் பெற்ற துளியில், ஒத்த மின்னூட்டங்கள் ஒன்றையொன்று விலக்குவதால் துளி பிளவுபட முயல்கிறது. பரப்பு இழுவிசை அதனை உருண்டையாகக் கட்டிக் காக்கிறது. மின்னூட்டம் ஒரு வரம்பைக் கடந்தால் துளி நிலைகுலைந்து, நுண்துளிகளை வீசி எறிகிறது. மின்கடத்தும் திரவத்தாலாகிய தனித்த துளிக்கு அவ்வரம்பு, பழைய அலகு முறையில், பின்வருமாறு:

மின்னூட்டத்தின் வர்க்கம் = 16 × பை × பரப்பு இழுவிசை × ஆரத்தின் கனம்

ஆரம் 1 மி.மீ., அதாவது 0.1 செ.மீ. உள்ள நீர்த்துளியை எடுத்துக்கொள்வோம். 16 × 3.1416 × 72 × 0.001 என்பது 3.62. அதன் வர்க்கமூலம் 1.90 நிலைமின் அலகு. இதனை 300 கோடியால் வகுத்தால் 0.63 நானோகூலூம் கிடைக்கிறது. துளியின் பரப்பு 0.126 சதுர செ.மீ. ஆதலின், பரப்பின்மீது அது தாங்கக்கூடிய உச்ச அளவு 15.1 நிலைமின் அலகு/சதுர செ.மீ.; அதாவது சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 50 மைக்ரோகூலூம்.

எண் மாறினால் சூத்திரமும் மாறும்

பிழை நேரும் இடம் இதுவே. பரப்பு இழுவிசையை 0.072 என்றும், ஆரத்தை 0.001 மீட்டர் என்றும் சரியாக மாற்றிய ஒருவர், மேற்கண்ட சூத்திரத்திலேயே அவற்றை இட்டார் என்க. 0.00006 என்று விடை வரும். அதனைக் கூலூம் என்று கொண்டால், உண்மை அளவைவிட ஏறத்தாழ 95 ஆயிரம் மடங்கு மிகையாகிவிடும்! எண்களின் மாற்றத்தில் தவறில்லை. சூத்திரத்தை மாற்றாமையே தவறு. பன்னாட்டு முறையில் அச்சூத்திரம் வேறு வடிவம் பெறுகிறது:

மின்னூட்டத்தின் வர்க்கம் = 64 × பையின் வர்க்கம் × வெற்றிடத்தின் விடுதிறன் × பரப்பு இழுவிசை × ஆரத்தின் கனம்

வெற்றிடத்தின் விடுதிறன் 8.854-ஐ 1 லட்சம் கோடியால் வகுத்த அளவினது. இதனை இட்டுக் கணக்கிட்டால் முன்போலவே 0.63 நானோகூலூம் கிடைக்கும். இயந்திரவியலில் பெரும்பாலும் எண்களை மாற்றினால் போதும். மின்னியலில் எண்ணோடு சூத்திரத்தையும் மாற்றியாக வேண்டும். பழைய நூலின் சூத்திரத்தையும் புதிய கருவியின் அளவீட்டையும் ஒரே தாளில் கலக்கும் எவருக்கும் இது எச்சரிக்கையாகும்.

களத்தில் இதன் பயன்

மருந்துக் கரைசலுடன் ஒட்டும் திரவம் சேர்ப்பது உழவர் வழக்கம். அதனால் பரப்பு இழுவிசை குறைகிறது; இலையில் மருந்து நன்கு பரவுகிறது. அதே வேளையில், துளி தாங்கக்கூடிய மின்னூட்டமும் குறைகிறது. பரப்பு இழுவிசை 72-இலிருந்து 36-ஆகக் குறைந்தால், மின்னூட்ட வரம்பு பாதியாவதில்லை. வர்க்கமூல விதிப்படி 71 சதவீதமாகிறது. ஆரம் நூறில் ஒரு பங்காகச் சுருங்கினால் துளியின் மொத்த மின்னூட்ட வரம்பு ஆயிரத்தில் ஒரு பங்காகும். ஆயினும், ஒரு சதுர மீட்டருக்குரிய வரம்பு பத்து மடங்கு உயரும். தன் எடையை நோக்க நுண்துளி மிகுதியான மின்னூட்டத்தைத் தாங்க வல்லது என்பதும் இதனால் விளங்கும். நிலைமின் தெளிப்பிற்கு நுண்துளிகளைத் தேர்வதன் காரணங்களுள் இதுவும் ஒன்று.

ஆசிரியர்கள் இத்துளிக் கணக்கை வகுப்பில் இரு முறைகளிலும் செய்வித்து, விடைகளை ஒப்பிடச் செய்யலாம். களப்பணியாளர் தம் குறிப்பேட்டில் அளவின் பெயர், அலகு, சூத்திரம் எம்முறையைச் சார்ந்தது என்னும் மூன்றையும் எண்ணின் அருகிலேயே எழுதிவைப்பாராக. விலை கேளாமல் ரூபாயைச் சேராக்க முயலாத அந்த வணிகரின் நிதானம், துளியை அளப்பவருக்கும் வேண்டும்.